வெறுங்கையால் மீன் பிடிப்பது வேகத்தின் விளையாட்டு அல்ல

வெறுங்கையால் மீன் பிடிப்பவரைப் பார்க்கிறவர்கள் முதலில் மெச்சுவது அவருடைய வேகத்தைத்தான். கண் இமைக்கும் நேரத்தில் கை உள்ளே போய் மீனோடு வெளியே வந்துவிட்டது என்பார்கள். ஆனால் வேகம் என்று போட்டி வைத்தால் மனிதக் கை மீனிடம் தோற்றுத்தான் போகும். கொஞ்சநஞ்ச வித்தியாசத்தில் அல்ல, கிட்டத்தட்ட இருபது மடங்கு வித்தியாசத்தில். அப்படியிருந்தும் தூண்டிலும் வலையும் இல்லாமல் மனிதர்கள் காலங்காலமாக மீன் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இது எப்படி முடிகிறது என்று தெரிய வேண்டுமானால், கை ஏன் தோற்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மீனின் பின்மூளையில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு மிகப் பெரிய நரம்பணுக்கள் இருக்கின்றன. மௌத்னர் செல்கள் என்று அவற்றுக்குப் பெயர். ஒரு பக்கத்திலிருந்து திடீரென்று அதிர்வோ அழுத்தமோ வந்தால் அந்தப் பக்கத்துச் செல் ஒரே ஒரு முறை துடிக்கும். அது போதும். அதன் நரம்பிழை எதிர்ப்பக்கத்துக்குக் கடந்து போய், அங்குள்ள தசைகளை மொத்தமாகச் சுருங்க வைக்கும். உடல் அரைவட்டமாக வளையும், அடுத்து வால் ஒரு வீச்சு வீசும், மீன் போயே போய்விடும். கோல்ட்ஃபிஷ், ஜீப்ராஃபிஷ் போன்ற மீன்களில் இதை நுணுக்கமாக அளந்திருக்கிறார்கள். அதிர்வு வந்ததிலிருந்து உடல் வளையத் தொடங்குவதற்கு ஆகும் நேரம் சுமார் 10 மில்லிவினாடி. கண்ணால் ஒன்றைப் பார்த்துக் கையை அசைக்கத் தொடங்க நமக்கு ஆவது சுமார் 200 மில்லிவினாடி. மீன் நகர்வதைப் பார்த்து நாம் கையைத் திருப்புவதற்குள் கதை முடிந்துவிடும்.

இதோடு மீனுக்கு இன்னொரு வசதியும் உண்டு. அதன் விலாவில் தலையிலிருந்து வால் வரை ஒரு கோடு ஓடும். பக்கக்கோடு என்பார்கள். அதில் வரிசையாக இருக்கும் நுண்மயிர் உணரிகள், சுற்றியுள்ள தண்ணீரின் சிறு அசைவையும் அழுத்த மாற்றத்தையும் பிடித்துவிடும். வேகமாக உள்ளே நுழையும் கை தனக்கு முன்னால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிறது. கை தொடுவதற்கு முன்பே அந்தத் தண்ணீர் போய் மீனைத் தொட்டுவிடும். அதாவது, எவ்வளவு வேகமாகப் பாய்கிறோமோ அவ்வளவு தெளிவாக மீனுக்குத் தகவல் அனுப்புகிறோம்.

மீனைத் தின்றே வாழும் வேட்டைக்காரர்கள்கூட இந்த நரம்பை வேகத்தால் வெல்ல முயல்வதில்லை. தென்கிழக்கு ஆசியாவில் உணர்கொம்புப் பாம்பு என்று ஒன்று உண்டு. மூக்கு நுனியில் இரண்டு சின்னக் கொம்புகள் துருத்திக்கொண்டிருக்கும். தண்ணீருக்குள் தலைப்பக்கத்தைக் கொக்கியாக வளைத்து வைத்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். தலைக்கும் உடலுக்கும் நடுவில் மீன் வந்ததும், தாக்குவதற்குச் சற்று முன்னால் உடலை மட்டும் லேசாகத் துடிக்க விடும். அந்தத் துடிப்பு மீனின் மௌத்னர் செல்லைத் தட்டிவிடும். மீன் எதிர்ப்பக்கம் திரும்பி ஓடும். அங்கேதான் பாம்பின் வாய் காத்திருக்கிறது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்னத் கட்டானியா அதிவேகக் கேமராவில் இதைப் படம்பிடித்து 2009-ல் வெளியிட்டார். வெறுங்கையில் பழகியவர்கள் பலரும் ஒரு கையைக் கல்லுக்குப் பக்கத்தில் அசையாமல் வைத்துவிட்டு, மறுகையால் எதிர்ப்பக்கத் தண்ணீரைக் கலைப்பார்கள். மீன் ஓடிவந்து சும்மா இருக்கும் கையில் விழும். பாம்பு செய்வதும் இதுவேதான்.

கண்ணும் நமக்குப் பெரிய துணை இல்லை. ஒளி தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும்போது வளைவதால், நேர் மேலிருந்து பார்த்தால் 40 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் மீன் 30 சென்டிமீட்டரில் இருப்பதாகத் தெரியும். சாய்வாகப் பார்த்தால் பிழை இன்னும் கூடும். கண் காட்டும் இடத்துக்குக் கீழேதான் மீன் இருக்கும். நன்றாகப் பழகியவர்கள் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. கலங்கல் தண்ணீரில், கரையின் அடிப்பொந்தில், வேர்களுக்கு இடையில் விரல்களால் துழாவியே வேலையை முடிக்கிறார்கள்.

சரி, அப்படியானால் கை எப்போது ஜெயிக்கிறது? மீன் ஓட முடியாதபோது, அல்லது ஓடாமல் இருக்க அதற்கே ஒரு காரணம் இருக்கும்போது. உலகில் எங்கே போனாலும் வெறுங்கை மீன்பிடிப்பு இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும் என்றுதான் நினைக்கிறேன்.

வற்றும் தண்ணீர்

ஓட முடியாத மீன் என்றால் முதலில் நினைவுக்கு வருவது வற்றிக்கொண்டிருக்கும் குட்டை. ஆறோ ஏரியோ சுருங்கும்போது ஆங்காங்கே பள்ளங்களில் மீன்கள் அகப்பட்டுக்கொள்கின்றன. தப்பிக்க இடம் இல்லை என்பது மட்டுமே பிரச்சினை அல்ல. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். பூஜ்யம் டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 14.6 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏறக்குறைய 7.5 மில்லிகிராம்தான். மீனோ குளிர்ரத்தப் பிராணி. தண்ணீர் சூடானால் அதன் உடலின் ஆக்சிஜன் தேவை கூடும். வரவு குறையும் நேரத்தில் செலவு ஏறுகிறது. இரவில் பாசியும் செடிகளும் ஆக்சிஜனை உண்டாக்காமல் உள்ளிழுத்துக்கொண்டே இருப்பதால், இப்படிப்பட்ட குட்டையில் நிலைமை மிக மோசமாக இருப்பது விடியற்காலையில். அப்போது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் காணலாம். காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேல்மட்டத் தண்ணீரில்தான் அவற்றுக்கு இன்னும் கொஞ்சம் மூச்சு மிச்சம் இருக்கிறது.

இந்த நிலையில் நாலு பேர் இறங்கிச் சேற்றை மிதித்துக் கலக்கினால் போதும். குழம்பிய குட்டையில் மீன் பிடிப்பது என்று வசையாகச் சொல்கிறோமே, அதற்குள் நல்ல அறிவியல் இருக்கிறது. அடிச்சேற்றில் மக்கிக் கிடக்கும் பொருட்கள் மேலே வந்ததும் இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும். மண்துகள் செவுளில் போய் அடையும். மீனின் கண்ணும் பயனற்றுப் போகும். இதற்கிடையில் மனிதர்கள் விரட்ட விரட்ட மீன் பாய்ந்து பாய்ந்து ஓடுகிறது. அங்கேதான் அது தோற்கிறது. மெதுவாக நீந்த மீன் பயன்படுத்துவது சிவப்புத் தசை. அது நாள் முழுக்கச் சளைக்காது. திடீர்ப் பாய்ச்சலுக்கு உதவுவது உடலின் பெரும்பகுதியாக இருக்கும் வெள்ளைத் தசை. அது ஆக்சிஜன் இல்லாமல் சேமித்த எரிபொருளை எரித்து வேலை செய்யும். ஒருசில பாய்ச்சல்களிலேயே சரக்கு தீர்ந்துவிடும். திரும்ப நிரம்பப் பல மணிநேரம் ஆகும். மூடிய குட்டையில் மீனைச் சோர வைக்க மனிதன் அதைவிட வேகமாக இருக்கத் தேவையில்லை. அதைவிட நேரம் தாக்குப்பிடித்தால் போதும்.

இந்தக் கணக்கில் அடங்காதவை சில கெளுத்தி வகைகளும் விரால் வகைகளும். அவை காற்றையே சுவாசிக்கக்கூடியவை. மற்ற மீன்கள் மேலே வந்து திணறும்போது இவை சேற்றுக்குள் புதைந்துகொள்ளும். அவற்றைக் காலால் மிதித்து இடம் கண்டுபிடித்து, பிறகு கையை விட்டு எடுக்க வேண்டும்.

மனித இனத்தின் முதல் மீன் விருந்தும் இப்படிப்பட்ட இடத்தில் நடந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. கென்யாவில் துர்கானா ஏரிக்குப் பக்கத்தில் கூபி ஃபோரா என்ற பகுதியில், சுமார் 19.5 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே நம் மூதாதையர் மீன், ஆமை, முதலை ஆகியவற்றைத் தின்றதற்கான எலும்புகளும் கல்லாயுதங்களும் கிடைத்துள்ளன. 2010-ல் வெளியான ஆய்வு அது. அங்கே கிடைத்த மீன் எலும்புகளில் கெளுத்தி வகையும் உண்டு. இதுவரை கிடைத்த மிகப் பழைய தூண்டில் முட்களின் வயது 23,000 ஆண்டு அளவில்தான் இருக்கிறது. ஜப்பானின் ஒகினாவாத் தீவில் உள்ள சகிதாரி குகையில் கிடைத்த, கடல் நத்தை ஓட்டில் செதுக்கியவை. தூண்டிலுக்கு முன்னால் அத்தனை நீண்ட காலம். ஆழமில்லாத தண்ணீரில் அகப்பட்ட கெளுத்தியை எடுக்க அப்போது கையோ குச்சியோ போதுமாக இருந்திருக்கும்.

குரங்கினங்களைப் பார்த்தால் இது வெறும் கற்பனை இல்லை என்று தெரியும். இந்தோனேசியாவில் நீளவால் குரங்குகள் ஓடையில் கையை விட்டு மீன் பிடிப்பதை 2008-ல் பதிவு செய்தார்கள். போர்னியோவின் ஒராங்குட்டான்கள் ஆழமற்ற குட்டைகளில் கெளுத்தி பிடித்துத் தின்பதைப் பற்றி 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. கையும் ஒரு வற்றிய குட்டையும் இருந்தால் போதும், மனிதனாக இருக்க வேண்டிய அவசியமில்லை!

குட்டையைக் கலக்குவதற்கு ஒரு படி மேலே போனது நஞ்சுச் செடிகளை அரைத்துக் கலப்பது. சில அவரைக் குடும்பச் செடிகளின் வேரில் இருக்கும் ரோட்டினோன், செவுள் வழியாக நுழைந்து, செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதையே தடுத்துவிடும். மிதக்கும் மீன்களைக் கையால் பொறுக்கலாம். ஆனால் அது வேண்டியது வேண்டாதது என்று பார்க்காமல் குஞ்சு குளுவான் எல்லாவற்றையும் அழிக்கும். அதைக் கை வித்தை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முட்டையை விட்டு நகராத தகப்பன்

ஓட முடிந்தும் ஓடாத மீனுக்குச் சிறந்த உதாரணம் அமெரிக்காவின் தட்டைத்தலைக் கெளுத்தி. நூட்லிங் என்ற பெயரில் ஓக்லஹோமா, மிசிசிப்பி, டென்னசி போன்ற மாநிலங்களில் இதைக் கையால் பிடிக்கிறார்கள். மீன் சாதாரணமானது அல்ல. இந்த இனத்தில் தூண்டிலில் அகப்பட்டதில் உலகச் சாதனை 123 பவுண்டு, அதாவது சுமார் 56 கிலோ. 1998-ல் கான்சஸ் மாநிலத்து நீர்த்தேக்கம் ஒன்றில் பிடித்தது.

கோடையின் தொடக்கத்தில் தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டிச் சூடேறும்போது இந்த மீன்கள் கரைப்பொந்து, பாறை இடுக்கு, மூழ்கிக் கிடக்கும் மரத்தின் உட்குழி போன்ற இடங்களில் முட்டையிடும். முட்டையிட்ட பின் பெண் மீன் போய்விடும். ஆண்தான் காவல். துடுப்பால் விசிறி முட்டைகளுக்கு ஆக்சிஜன் கிடைக்கச் செய்துகொண்டு, குஞ்சு பொரிக்கும் வரை வாசலில் கிடக்கும். உள்ளே எது நுழைந்தாலும் கடிக்கும். நூட்லிங் செய்பவர் நுழைப்பது தன் கையை. பசியால் அல்ல, காவலுக்காகத்தான் மீன் கவ்வுகிறது. கவ்வியதும் அவர் உள்ளிருந்தபடியே கீழ்த்தாடையை இறுகப் பற்றிக்கொண்டு இழுக்கிறார். இங்கே பிடிபடுவது யார் என்பது கொஞ்ச நேரத்துக்குத் தெளிவாக இருக்காது.

கெளுத்தியின் வாயில் கோரைப்பல் கிடையாது. உப்புத்தாள் போலச் சொரசொரவென்று நுண்பற்கள் பட்டையாக இருக்கும். கையை உருவும்போது தோல் உரியும், விரல் போகாது. உண்மையான ஆபத்து வேறு. தண்ணீருக்கு அடியில் இருக்கும் பொந்தில் கெளுத்திக்குப் பதில் கடிக்கும் ஆமையோ பாம்போ பீவர் என்ற பெரிய கொறிவிலங்கோ குடியிருக்கலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு தோள் வரை கையை விட்டிருக்கும் மனிதரை ஒரு பெரிய மீன் உள்ளே இழுத்தால் மூழ்கிச் சாகவும் கூடும். அதனால்தான் அனுபவசாலிகள் தனியாக இறங்குவதில்லை. ஒருவர் பொந்தின் மறுவாயை அடைப்பார், இன்னொருவர் காலைப் பிடித்துக்கொள்வார்.

இந்தப் பழக்கம் அங்கே மிகப் பழையது. பூர்வகுடிகளோடு பல ஆண்டுகள் வாழ்ந்து வணிகம் செய்த ஜேம்ஸ் அடேர் 1775-ல் எழுதிய நூலில், அவர்கள் கையில் சிவப்புத் துணியைச் சுற்றிக்கொண்டு பாறைக்கு அடியில் மூழ்கிப் பெரிய கெளுத்திகளைப் பிடிப்பதை வியந்து விவரித்திருக்கிறார்.

கெளுத்தி காவலால் ஓடாது என்றால், டிரவுட் மீன் ஓட வேண்டும் என்று தோன்றாததால் ஓடாது. பிரிட்டனில் பழைய வித்தை இது. குளிர்ந்த ஓடைகளில் டிரவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கிக் கரையின் அடிப்பொந்தில் நிற்கும். பிடிப்பவர் கீழ்நீர்ப் பக்கத்திலிருந்து, அதாவது மீனின் வாலுக்குப் பின்னாலிருந்து வருவார். தண்ணீரில் நனைத்துக் குளிரவைத்த கையை மிக மெதுவாக அடிவயிற்றுக்குக் கீழே கொண்டுபோய், விரல் நுனியால் வருடிக்கொண்டே வாலிலிருந்து செவுளை நோக்கி நகர்வார். செவுளை எட்டியதும் ஒரே பிடி, அப்படியே கரைக்கு வீச வேண்டியதுதான். ஷேக்ஸ்பியரின் ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தில், ஒருவனை ஏமாற்றப் போகும் பணிப்பெண், வருடிப் பிடிக்க வேண்டிய டிரவுட் இதோ வருகிறது என்று சொல்வாள். பார்வையாளருக்கு விளக்கம் தேவைப்படாத அளவுக்கு அன்று அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

வருடலில் மீன் மயங்கிவிடுகிறது என்று சொல்வார்கள். அது கொஞ்சம் மிகை என்பது என் கருத்து. மௌத்னர் செல்லைத் தட்டிவிடுவது திடீர் மாற்றம். மெல்ல மெல்லக் கூடும் தொடுகைக்கு அது துடிக்காது. வேரும் நீர்ச்செடியும் உரசிக்கொண்டே இருக்கும் பொந்தில் வாழும் மீனுக்கு, மெதுவாக நகரும் விரல் இன்னொரு செடிதான். ஓடும் நீரின் இரைச்சலும் கையின் அசைவை மறைத்துவிடும். பொறுமை இல்லாமல் விரல் ஒரு முறை வெட்டினால் போச்சு.

மீன் தானே கரையேறி, ஓட முடியாத நிலைக்கு வந்து நிற்கும் விசித்திரமும் உண்டு. கலிபோர்னியாக் கடற்கரையில் குரூனியன் என்ற சிறு வெள்ளி மீன், மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் அடுத்த சில இரவுகளில் கடல் ஏற்றத்தின் அலையோடு மணலுக்கு வருகிறது. பெண் மீன் வாலால் ஈர மணலைக் குடைந்து பாதி உடல் புதைய நின்று முட்டையிடும். ஆண் அதைச் சுற்றி வளைந்துகொள்ளும். அடுத்த அலையில் இரண்டும் திரும்பிவிடும். மணலுக்குள் இருக்கும் முட்டைகள் ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து வரும் அடுத்த பெரிய ஏற்றத்தில் அலை கலைக்கும்போதுதான் பொரிக்கும். அந்தச் சில நிமிடங்களுக்கு எந்த மௌத்னர் செல்லும் உதவாது. தண்ணீரே இல்லாத இடத்தில் வால் வீசி என்ன பயன்?

பிடியும் காயமும்

கை மீனைத் தொட்டுவிட்டது என்பதாலேயே மீன் கிடைத்துவிடாது. மீன் உடம்பின் கொழகொழப்பு அதன் தோலே சுரக்கும் கவசம். நோய்க்கிருமிகளைத் தடுப்பதும் அதுதான், நம் விரலிலிருந்து நழுவ வைப்பதும் அதுதான். நடு உடலை இறுக்கினால் மீன் முன்னால் பீறிட்டுப் போகும். அதனால் பழகியவர்கள் தலைக்குச் சற்றுப் பின்னால், செவுள் மூடி விரியும் இடத்தில் பிடிப்பார்கள். சால்மன் மீனை வாலின் ஒடுங்கிய பகுதியில் பிடித்துத் தூக்கலாம், ஏனென்றால் அதன் வால் துடுப்பு விறைப்பாக நின்று பிடிக்குத் தடை கொடுக்கும். அதே மாதிரி டிரவுட்டைத் தூக்கினால் வால் மடங்கி நழுவிவிடும். உலர்ந்த துணியால் பிடித்தால் வசதிதான், ஆனால் திரும்ப விடப்போகும் மீனுக்கு அது கேடு. கவசம் துணியோடு வந்துவிடும்.

முள் விஷயத்தில் அலட்சியம் கூடாது. கெளுத்தி வகைகள் பல, முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்புகளிலும் இருக்கும் முட்களை விரித்துப் பூட்டிக்கொள்ளும். தேளி, இருங்கெளுத்தி போன்றவற்றின் முள்ளில் நஞ்சும் உண்டு. குத்திய இடத்தைச் சுமார் 45 டிகிரி வெந்நீரில், தோல் வேகாத சூட்டில், வைத்திருந்தால் வலி தணியும். அந்த நஞ்சு சூட்டில் சிதையும் புரதம். முள் உள்ளே ஒடிந்திருந்தாலோ வீக்கம் பரவினாலோ மருத்துவரிடம் போவதுதான் வழி. விரலில் சின்னக் கீறல் பட்டு, அது ஆறிய சில வாரங்களுக்குப் பிறகு அதே இடத்தில் கட்டி கிளம்பினாலும் அப்படியே. தண்ணீரில் வாழும் மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி மெதுவாகத்தான் வேலை காட்டும். மருத்துவரிடம் மீனைக் கையாண்டதைச் சொன்னால்தான் அவருக்கு அந்தச் சந்தேகம் வரும்.

இன்னொன்று, கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் உயிர் போயிருக்கிறது. ஒரு மீனைப் பிடித்துவிட்டு அடுத்ததைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும் என்று முதல் மீனைப் பல்லில் கடித்து வைத்துக்கொள்வது. பனையேறி மீன் அப்படியே வழுக்கித் தொண்டைக்குள் போய்விடும். அதன் முட்களும் செவுள் மூடியின் பற்களும் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் உள்ளே போகும், வெளியே வராது. மூச்சடைத்துச் செத்தவர்கள் பற்றிய மருத்துவப் பதிவுகள் உண்டு.

சட்டம் எங்கே நிற்கிறது

வெறுங்கையால் பிடிப்பது மீனுக்கு நியாயமான போட்டி, இயற்கையோடு இயைந்த முறை என்றெல்லாம் ஒரு பெருமைப் பேச்சு உண்டு. முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். கையால் ஏரியையே காலி செய்ய முடியாது. வேண்டாத மீன் வலையில் சிக்கிச் சாவதும் இல்லை. ஆனால் இதுவரை பார்த்ததை யோசித்தால், கை ஜெயிக்கும் நேரம் பெரும்பாலும் மீன் மிகவும் பலவீனமாக இருக்கும் நேரம். அதிலும் பாதி, அது இனப்பெருக்கம் செய்யும் நேரம். காவல் இருக்கும் ஆண் கெளுத்தியைத் தூக்கிவிட்டால் போவது ஒரு மீன் அல்ல. அந்தப் பொந்தின் மொத்த முட்டையும் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். வயதான பெரிய மீன்களையே தேடிப் பிடிப்பதும் பாதிப்பைக் கூட்டும்.

அதனால் அமெரிக்க மாநிலங்கள் ஆளுக்கொரு முடிவு எடுத்திருக்கின்றன. மிசூரி 2005-ல் சில ஆறுகளில் சோதனையாக அனுமதித்து, இனப்பெருக்க மீன்கள் குறைந்துவிடும் என்ற கவலையில் 2007-ல் நிறுத்திக்கொண்டது. டெக்சஸ் நேர்மாறாக, அதுவரை தடை செய்திருந்ததை 2011-ல் சட்டபூர்வமாக்கியது. ஸ்காட்லாந்தில் உள்நாட்டு நன்னீர் மீன்களைத் தூண்டிலால் மட்டுமே பிடிக்கலாம் என்பது பொது விதி. டிரவுட்டை வருடிப் பிடிப்பவர் அங்கே திருட்டு மீன் பிடிப்பவர் கணக்கில்தான் வருவார்.

கலிபோர்னியாவில் சட்டம் தலைகீழாக நிற்கிறது. குரூனியனை வெறுங்கையால் மட்டுமே பிடிக்கலாம். வலை, வாளி, சல்லடை என்று எந்தக் கருவியும் கூடாது. மீன் விழட்டும் என்று மணலில் குழி தோண்டுவதும் குற்றம். 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மீன்பிடி உரிமமும் வேண்டும். கருவியைத் தடுத்தால் பிடிபடும் அளவு தானே குறையும் என்பதுதான் கணக்கு. அது போதவில்லை. கரைக்கு வரும் மீன்கள் குறைந்துகொண்டே போனதால் 2022-ல் விதிகளை இறுக்கினார்கள். ஒருவர் 30 மீனுக்கு மேல் எடுக்கக் கூடாது. முன்பு ஏப்ரல், மே மாதங்களுக்கு மட்டும் இருந்த தடை ஜூனுக்கும் நீண்டது. அந்த மூன்று மாதங்களில் மக்கள் கடற்கரைக்கு வந்து பார்க்கலாம், மீனைத் தொடக் கூடாது.